டியூஷன் என்றால் கட்டணமா, மாலை வகுப்பா? மாணவர் ஆங்கிலத்துக்கு ஓர் அறிமுகம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் செலவுக் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் முதல் வரிகளிலேயே 'டியூஷன்' என்று இருக்கும். எதிரே, பார்த்தவுடன் தலை சுற்றும் ஒரு டாலர் தொகை. நம் ஊரில் டியூஷன் என்றால் பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டு மொட்டைமாடிக்குப் போவது. 'நான் நன்றாகப் படிக்கிற பையன், எனக்கு எதற்கு டியூஷன்' என்று அந்த வரியை ஒதுக்கிவிட்டுக் கூட்டினால் மிஞ்சுவது விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும்தான். அங்கே டியூஷன் என்பது படிப்புக் கட்டணம். தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதை 'டியூட்டரிங்' என்பார்கள்.

பள்ளி, கல்லூரி பற்றிய ஆங்கிலச் சொற்களில் நமக்குத் தெரியாதவை குறைவு. கிளாஸ், கோர்ஸ், கிரேடு, பேப்பர், ஸ்டாஃப், ஹாஸ்டல் எல்லாம் எல்.கே.ஜி. முதல் காதில் விழுபவை. சிக்கலே அதுதான். தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த சொல்லை யார் புரட்டுகிறார்கள்? ஒவ்வொரு நாட்டிலும் கல்விமுறை வேறு, அதனால் அதே சொல் வேறு வேலை செய்கிறது. ஆகவே இங்கே அகரவரிசைப் பட்டியல் போடப்போவதில்லை. ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்த ஊர் முறை இருக்கிறது என்று பார்ப்போம். முறை புரிந்தால் சொல் தானாக நினைவில் நிற்கும்.

ஸ்கூல், காலேஜ், பப்ளிக்

யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் 'நான் சென்ட்ரல் காலேஜில் படித்தேன்' என்றால், பட்டம் வாங்கினார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, யாழ் இந்துக் கல்லூரி, கொழும்பு ரோயல் கல்லூரி எல்லாமே பள்ளிக்கூடங்கள். இது பிரிட்டிஷ் பழக்கம். இங்கிலாந்தில் ஈட்டன் காலேஜும் பள்ளிதான். அதே இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்குப் போனால் காலேஜ் என்பது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மாணவர்கள் தங்கி, சாப்பிட்டு, சிறு குழுக்களாகப் பாடம் கேட்கும் இடம்.

நம் காலேஜ் இன்னொரு வகை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். கல்லூரி பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். 'அஃபிலியேட்டட்' என்று கல்லூரிப் பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதற்கு இதுதான் பொருள். 'அட்டானமஸ்' என்றால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும், பட்டத்தில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். 'டீம்டு' என்றால் 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி பல்கலைக்கழகமாகக் கருதப்படும் நிறுவனம், பட்டத்தையும் அதுவே கொடுக்கும். கவுன்சலிங் நேரத்தில் இந்த மூன்று சொற்களையும் போட்டுக் குழப்பிக்கொள்கிற பெற்றோர் நிறையப் பேர். பட்டச் சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும் என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் பேச்சு வழக்கில் காலேஜ், யுனிவர்சிட்டி இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அதற்கும் மேலே போய் எல்லாவற்றையும் 'ஸ்கூல்' என்றே சொல்லிவிடுவார்கள். பிஎச்.டி. பண்ணுகிறவரிடம் 'எந்த ஸ்கூல்?' என்று கேட்டால் அவரைச் சின்னப் பையன் என்று கிண்டல் செய்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தப் பல்கலைக்கழகம் என்பதுதான் கேள்வி.

'பப்ளிக் ஸ்கூல்' இதைவிட வேடிக்கை. அமெரிக்காவில் அது அரசு செலவில் நடக்கும் இலவசப் பள்ளி. இங்கிலாந்தில் ஈட்டன், ஹாரோ, வின்செஸ்டர் போன்ற பெரும் கட்டணப் பள்ளி. ஊர், மதம் பார்க்காமல் பணம் கட்டும் எவரும் சேரலாம் என்ற பொருளில்தான் அவற்றைப் பப்ளிக் என்றார்கள். 1868இல் அதற்கென்று ஒரு சட்டமே வந்தது, ஏழு பள்ளிகளைப் பெயர் சொல்லி. இந்தியா எடுத்துக்கொண்டது இங்கிலாந்து வழக்கத்தைத்தான். அதனால்தான் இங்கே தெருவுக்குத் தெரு முளைக்கும் தனியார் பள்ளிகள் பெயரில் 'பப்ளிக்' என்று போட்டுக்கொள்கின்றன. அரசுப் பள்ளிக்கு அந்தப் பெயர் கிடையாது. அமெரிக்கர் ஒருவரிடம் 'நான் பப்ளிக் ஸ்கூலில் படித்தேன்' என்றால் உங்கள் அப்பா கட்டிய கட்டணமெல்லாம் வீண், அவர் மனதில் வருவது அரசுப் பள்ளிதான்.

எத்தனையாவது படிக்கிறாய்?

நமக்குப் 'பத்தாவது' என்றால் போதும், ஆங்கிலத்தில் 'டென்த் ஸ்டாண்டர்டு'. அமெரிக்காவில் ஸ்டாண்டர்டு கிடையாது, 'டென்த் கிரேடு'. அதே கிரேடு என்ற சொல் மதிப்பெண்ணுக்கும் வரும். 'வாட் கிரேடு ஆர் யூ இன்' என்றால் எந்த வகுப்பு. 'வாட் கிரேடு டிட் யூ கெட்' என்றால் எவ்வளவு வாங்கினாய். இங்கிலாந்தில் 'இயர் டென்' என்பார்கள். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம் வகுப்போடு ஒப்பிடக் கூடாது. அங்கே ஐந்து வயதில் இயர் ஒன் தொடங்கி இயர் தேர்ட்டீன் வரை போகும், கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு 'சிக்ஸ்த் ஃபார்ம்' என்று பெயர். ஆறாம் வகுப்பு என்று நினைத்தால் அவ்வளவுதான், நம் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குச் சமம் அது.

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதுவது ஜி.சி.எஸ்.இ., பதினெட்டில் ஏ லெவல். ஜி.சி.எஸ்.இ.க்கு முன்பு ஓ லெவல் இருந்தது. 1988இலேயே அங்கே அதன் இடத்தை ஜி.சி.எஸ்.இ. பிடித்துக்கொண்டது. இலங்கையிலோ ஓ.எல்., ஏ.எல். இரண்டும் இன்றும் அன்றாடச் சொற்கள். சாதாரண தரம், உயர் தரம் என்று அழகான தமிழும் அங்கே உண்டு.

அமெரிக்க வகுப்புப் பெயர்களில் நம்மவர்களைக் கட்டாயம் தடுக்கிவிடும் சொல் ஒன்று இருக்கிறது: ஜூனியர். உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளுக்கும், பிறகு கல்லூரியின் நான்கு ஆண்டுகளுக்கும் வரிசையாக ஃப்ரெஷ்மன், சாஃபமோர், ஜூனியர், சீனியர் என்று பெயர். நம் கல்லூரியில் ஜூனியர் என்றால் நமக்குக் கீழே படிக்கும் எவனும். அங்கே மூன்றாம் ஆண்டு மாணவர் மட்டும். முதலாண்டு மாணவருக்கு 'ஃப்ரெஷர்' என்ற சொல்லை அமெரிக்கர்கள் பயன்படுத்துவதே இல்லை. இங்கிலாந்தில் அது முதலாண்டு மாணவர், சேர்ந்த வாரத்தில் கூத்தும் கும்மாளமுமாக 'ஃப்ரெஷர்ஸ் வீக்' நடக்கும். இந்தியாவில் முதலாண்டு மாணவருக்கும் அதே பெயர், படிப்பை முடித்துவிட்டு அனுபவம் இல்லாமல் வேலை தேடும் பட்டதாரிக்கும் அதே பெயர்.

பட்டதாரி என்றதும் இன்னொன்று. 'கிராஜுவேட் ஸ்டூடன்ட்' என்று அமெரிக்காவில் சொன்னால் முதுகலையோ முனைவர் பட்டமோ படிப்பவர். நாமும் இங்கிலாந்துக்காரர்களும் சொல்லும் 'போஸ்ட்கிராஜுவேட்' அதுதான். விண்ணப்பத்தில் 'கிராஜுவேட் அட்மிஷன்ஸ்', 'அண்டர்கிராஜுவேட் அட்மிஷன்ஸ்' என்று இரண்டு இருந்தால், பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ்.க்குப் போகிறவர் அழுத்த வேண்டியது முதலாவதை.

கோர்ஸ், பேப்பர், கிரெடிட்

'என்ன கோர்ஸ் எடுத்திருக்கே?' என்று கேட்டால் நம்மூர்ப் பிள்ளை 'பி.காம்.' என்று சொல்லும். இங்கிலாந்துக்காரரும் அப்படித்தான் சொல்வார், அவருக்கும் கோர்ஸ் என்பது முழுப் பட்டப்படிப்பு. அமெரிக்காவில் கோர்ஸ் என்றால் ஒரு பருவத்தில் படிக்கும் ஒரே ஒரு பாடம். முழுப் படிப்புக்குப் 'புரோகிராம்', அதில் முதன்மைத் துறைக்கு 'மேஜர்'. நம் ஊரில் அந்த ஒற்றைப் பாடத்துக்குப் 'பேப்பர்' என்ற பெயர் உண்டு: 'இந்த செமஸ்டர்ல ஆறு பேப்பர்'. இதை அமெரிக்கர் காதில் போட்டால் பரிதாபப்படுவார். அவருக்குப் பேப்பர் என்பது மாணவர் உட்கார்ந்து எழுதும் நீண்ட கட்டுரை, அல்லது ஆய்விதழில் வெளியாகும் கட்டுரை. இங்கிலாந்தில் ஒற்றைப் பாடத்தை 'மாட்யூல்' என்கிறார்கள்.

செமஸ்டர் என்ற சொல்லின் வேர் லத்தீனில் ஆறு மாதம். நடைமுறையில் பாடம் நடப்பது நான்கு மாதம் போல்தான். எல்லாப் பல்கலைக்கழகமும் செமஸ்டர் வைத்துக்கொள்வதில்லை. ஸ்டான்ஃபோர்டில் 'குவார்ட்டர்', சுமார் பத்து வாரம். ஆக்ஸ்ஃபோர்டில் 'டேர்ம்', அவற்றுக்கு மைக்கல்மஸ், ஹிலரி, டிரினிட்டி என்று பழைய கிறித்தவப் பெயர்கள்.

இப்போது கிரெடிட். நிதானமாகப் பார்க்க வேண்டிய சொல் இது. மார்க்‌ஷீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே 3, 4 என்று ஓர் எண் இருக்கும். அது நீங்கள் வாங்கியது அல்ல, அந்தப் பாடத்தின் எடை. யு.ஜி.சி. கணக்கில், ஒரு செமஸ்டர் முழுக்க வாரத்துக்கு ஒரு மணி நேரம் பாடம் நடந்தால் ஒரு கிரெடிட். செய்முறை வகுப்பு என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். ஆக, நான்கு கிரெடிட் பாடத்தில் கோட்டை விடுவதும் ஒரு கிரெடிட் பாடத்தில் கோட்டை விடுவதும் ஒன்றல்ல.

எப்படி என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். யு.ஜி.சி. வகுத்த பத்துப் புள்ளி அளவில் 'ஓ' என்றால் 10, 'ஏ பிளஸ்' 9, 'ஏ' 8, 'பி பிளஸ்' 7, இப்படி இறங்கும். ஒரு மாணவிக்கு நான்கு பாடங்கள். நான்கு கிரெடிட் கணிதத்தில் ஏ பிளஸ், அதாவது 36. மூன்று கிரெடிட் இயற்பியலில் ஏ, 24. மூன்று கிரெடிட் ஆங்கிலத்தில் பி பிளஸ், 21. இரண்டு கிரெடிட் ஆய்வகத்தில் ஓ, 20. கூட்டினால் 101. மொத்தக் கிரெடிட் 12. வகுத்தால் 8.42. இதுதான் அந்தப் பருவத்தின் ஜி.பி.ஏ. எல்லாப் பருவங்களையும் சேர்த்து இதேபோல் போட்டால் சி.ஜி.பி.ஏ. கணிதத்துக்கும் ஆய்வகத்துக்கும் கிரேடுகள் இடம் மாறியிருந்தால்? 40, 24, 21, 18, மொத்தம் 103, விடை 8.58. கிரேடுகள் அவையேதான், எடை கூடிய பாடத்தில் நல்ல கிரேடு விழுந்ததால் கூடுகிறது. தேர்வுக்கு முந்தின வாரம் எதைப் படிப்பது என்று திணறும்போது இந்தக் கணக்கு உதவும்.

அமெரிக்க ஜி.பி.ஏ. வழக்கமாக நான்குக்கு. ஏ என்றால் 4, பி 3, சி 2. நம் 8.42ஐ நான்குக்கு மாற்ற ஆளுக்கொரு சூத்திரம் இணையத்தில் சுற்றுகிறது, எல்லோரும் ஒப்புக்கொண்டது என்று ஒன்றும் இல்லை. பல பல்கலைக்கழகங்கள் மார்க்‌ஷீட்டில் உள்ள எண்ணை உள்ளபடியே கேட்கின்றன. படிவம் கேட்காதவரை நீங்களாக மாற்றி எழுதாதீர்கள்.

இன்னொரு பொறி, கிரெடிட் என்ற அளவே ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டத்துக்குச் சுமார் 120 கிரெடிட். இந்தியாவில் யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு வரையறைப்படி மூன்றாண்டுக்கு 120, நான்காண்டுக்கு 160. இங்கிலாந்தில் ஓராண்டுக்கே 120, மூன்றாண்டுக்கு 360. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 'ஈ.சி.டி.எஸ்.' என்ற அளவு, ஆண்டுக்கு 60. காரணம் எளிது: அமெரிக்காவிலும் இங்கும் எண்ணுவது வகுப்பறை நேரத்தை, ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் எண்ணுவது மாணவர் தனியாக உட்கார்ந்து படிக்கும் நேரத்தையும் சேர்த்த மொத்த உழைப்பை. ஈ.சி.டி.எஸ். கிரெடிட் ஒன்று 25 முதல் 30 மணி நேர உழைப்பு, பிரிட்டிஷ் கிரெடிட் ஒன்று 10 மணி நேரம். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் 'என் டிகிரியில் 160 கிரெடிட் இருக்கிறதே' என்று மார்தட்டினால் அங்கே கேட்பது 'ஈ.சி.டி.எஸ்.ஸில் எவ்வளவு?' என்றுதான்.

பாடத்தை மணிக்கணக்கில் எண்ணும் பழக்கம் பரவிய கதையில் படிப்பைவிடப் பென்ஷனுக்குப் பங்கு அதிகம். 1906 வாக்கில் அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளை, பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க முன்வந்தது. அதற்கு ஒரு நிபந்தனை: உயர்நிலைப் பள்ளியில் இத்தனை மணி நேரம் படித்தவர்களைத்தான் கல்லூரி சேர்த்துக்கொள்ள வேண்டும். பென்ஷன் வேண்டுமென்று கல்லூரிகள் அதை ஏற்றன, கல்லூரிகளுக்காகப் பள்ளிகள் ஏற்றன. பின்னர் கல்லூரிப் பாடத்தையும் அப்படியே எண்ணத் தொடங்கினார்கள்.

மதிப்பெண் சதவீதமும் ஒரே மாதிரி பேசுவதில்லை. இங்கிலாந்தில் நாற்பது வாங்கினால் பாஸ், எழுபதுக்கு மேல் 'ஃபர்ஸ்ட்', அதுதான் உச்ச வகுப்பு. அறுபது முதல் எழுபதுக்குள் 'டூ ஒன்', ஐம்பதுகளில் 'டூ டூ'. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிப் பழகிய பிள்ளை அங்கே போய் முதல் கட்டுரைக்கு 66 வாங்கிவிட்டு அம்மாவிடம் போனில் அழும். அம்மா கவலைப்பட வேண்டாம், அது நல்ல மார்க்.

தேர்வு எழுதுவதா, எடுப்பதா, கொடுப்பதா

தமிழில் தேர்வு எழுதுகிறோம், அதனால் நம் ஆங்கிலத்திலும் 'ரைட் த எக்ஸாம்'. வட இந்தியர்கள் இந்தியில் தேர்வைக் 'கொடுக்கிறார்கள்', அதனால் அவர்கள் 'கிவ்'. அமெரிக்கர் 'டேக்', பிரிட்டிஷார் 'சிட்'. கனடாவில் நம்மைப்போல் 'ரைட்' என்றே சொல்பவர்களும் உண்டு. இதில் கவனமாக இருக்க வேண்டியது 'கிவ்' ஒன்றில்தான். அமெரிக்கருக்குத் தேர்வைக் கொடுப்பவர் ஆசிரியர்.

'ரிவைஸ்' என்றால் நமக்கும் பிரிட்டிஷாருக்கும் தேர்வுக்கு மறுபடி படிப்பது. அமெரிக்காவில் அதற்கு 'ரிவ்யூ'. அங்கே ஆசிரியர் உங்கள் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து 'ரிவைஸ்' என்று சொன்னால், திருத்தி எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார். படித்துவிட்டு வந்து நின்றால் பயனில்லை. 'குவிஸ்' என்ற சொல் நமக்குப் பரிசுக் கோப்பையை நினைவூட்டும். அங்கே அது வாரா வாரம் வைக்கும் சின்னப் பரீட்சை, இறுதிக் கிரேடில் சேரும், விளையாட்டாக எடுத்துக்கொண்டவர் கோட்டை விடுவார். தேர்வறைக் கண்காணிப்பாளர் நமக்கு இன்விஜிலேட்டர், அமெரிக்காவில் 'புரோக்டர்'. நம் 'பிட்' அங்கே 'சீட் ஷீட்'. சில பேராசிரியர்கள் ஒரு தாள் சீட் ஷீட் கொண்டுவர அவர்களே அனுமதிப்பார்கள், அதைக் கேட்டு நம்மவர் அதிர்ச்சி அடைவதும் உண்டு.

தேர்வில் விழுந்தால் தமிழ்நாட்டில் 'அரியர்'. பொது ஆங்கிலத்தில் அரியர் என்பது நிலுவைத் தொகை, வாடகை பாக்கி, சம்பள பாக்கி மாதிரி. நம் மாணவர்கள் பாடத்தையும் பாக்கிக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள், பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாநில எல்லை தாண்டினால் செல்லாது. கேரளத்தில் 'சப்ளி', மும்பையில் 'கே.டி.', வேறு பல இடங்களில் 'பேக்லாக்'. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் படித்தவர்களின் முடிவுத்தாளில் 'ஆர்.ஏ.' என்று வந்தால் மறுபடி எழுத வேண்டும் என்று பொருள், வயிற்றைக் கலக்கும் இரண்டு எழுத்து. அமெரிக்காவில் 'எனக்கு ஆர்.ஏ. கிடைத்தது' என்றால் வாழ்த்துச் சொல்வார்கள், அது ஆராய்ச்சி உதவியாளர் வேலை.

கட் ஆஃப், கேம்பஸ்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிவு வந்ததும் கேட்கும் கேள்வி 'கட் ஆஃப் எவ்வளவு?'. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் நூற்றுக்கு, இயற்பியல் ஐம்பதுக்கு, வேதியியல் ஐம்பதுக்கு, மொத்தம் 200. கணிதத்தில் 90, இயற்பியலில் 84, வேதியியலில் 88 என்றால் 90, 42, 44 கூட்டி 176. இதை 'என் கட் ஆஃப் 176' என்கிறோம். மற்ற எல்லா ஊரிலும் கட் ஆஃப் என்பது ஒரு கோடு, அதற்குக் கீழே இருப்பவருக்கு இடமில்லை. மாணவருக்கென்று கட் ஆஃப் இருக்காது, கல்லூரிக்குத்தான் இருக்கும். இலங்கையில் 'வெட்டுப்புள்ளி' என்று சொல்வது சரியாக அந்தக் கோட்டைத்தான்: உங்கள் மாவட்டத்துக்கு, உங்கள் படிப்புக்கு, இந்த இசட் ஸ்கோர் (சமன்செய்து கணக்கிட்ட மதிப்பெண்) வரைதான் அனுமதி என்று. வெளியூர் ஆங்கிலத்தில் நம் 176ஐச் சொல்ல வேண்டுமானால் 'ஸ்கோர்' என்று சொல்லிவிடலாம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளைக்குக் 'கம்பஸ் கிடைச்சிட்டுது' என்றால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சென்னையில் 'கேம்பஸ்ல கிடைச்சிடுச்சு' என்றால் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வீட்டிலும் இனிப்பு கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் அது வெறும் வளாகம்தான்.

யார் ஸ்டாஃப், யார் புரொஃபஸர்

நம் கல்லூரிகளில் ஸ்டாஃப் என்றால் ஆசிரியர், 'ஸ்டாஃப் வர்றாங்கடா' என்றால் பின்வரிசை அமைதியாகும். அமெரிக்காவில் கற்பிப்பவர்கள் 'ஃபேகல்ட்டி', அலுவலகம், நூலகம், கணினிப் பிரிவில் இருப்பவர்கள் 'ஸ்டாஃப்'. இங்கிலாந்தில் ஃபேகல்ட்டி என்பது துறைகளின் தொகுப்பு, கலைப் புலம், அறிவியல் புலம் என்று சொல்வோமே, அது. புரொஃபஸர் என்ற பட்டமும் அங்கே கஞ்சத்தனமாகத்தான் கிடைக்கும். லெக்சரர், சீனியர் லெக்சரர் என்று ஏறி, உச்சியில்தான் புரொஃபஸர். அமெரிக்காவில் புதிதாகச் சேர்ந்த அசிஸ்டன்ட் புரொஃபஸரையும் புரொஃபஸர் என்றே கூப்பிடலாம், தவறில்லை.

அமெரிக்க வகுப்பில் முதல் நாள் 'சிலபஸ்' என்று பல பக்கத் தாள் ஒன்று தருவார்கள். நம் சிலபஸ் பல்கலைக்கழகம் அச்சிட்ட ஐந்து யூனிட். அவர்களுடையது அந்த ஆசிரியரே எழுதியது: எதற்கு எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் எதைக் கொடுக்க வேண்டும், தாமதமானால் எவ்வளவு குறைப்பார். படிக்காமல் பையில் போட்டவர்கள்தான் பிறகு மின்னஞ்சலில் கெஞ்சுவார்கள்.

அதே தாளில் 'ஆஃபிஸ் அவர்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். செவ்வாய் 2 முதல் 4 வரை என்று போட்டிருந்தால், அந்த நேரத்தில் ஐயா அலுவலக வேலையாக இருப்பார், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைக்கிற நம் பிள்ளைகள் ஏராளம். நேர் எதிர்! மாணவர்கள் வந்து கேட்பதற்காகவே அவர் கதவைத் திறந்து வைத்திருக்கும் நேரம் அது. முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டியதில்லை, பெரிய கேள்வியோடு போக வேண்டும் என்பதும் இல்லை. வெட்கத்தால் போகாமல் இருப்பதால் வரும் நஷ்டம் பெரிது. பின்னால் பரிந்துரைக் கடிதம் கேட்கப்போவது அதே ஆசிரியரிடம்தான், அப்போது அவருக்கு முகமாவது தெரிந்திருக்க வேண்டும்.

போய்ப் பேசும்போது 'ஐ ஹேவ் எ டவுட்' என்று தொடங்க வேண்டாம். நமக்கு டவுட் என்பது புரியாத இடம். அவருக்கு டவுட் என்பது நம்பிக்கைக் குறைவு, நீங்கள் சொன்னது சரிதானா என்ற சந்தேகம். 'கொஸ்டியன்' என்று சொன்னால் போதும்.

விடுதி

ஹாஸ்டல் என்றால் அமெரிக்கருக்குப் பயணிகள் மலிவாகத் தங்கும் இடம். மாணவர் தங்குவது 'டார்ம்', இங்கிலாந்தில் 'ஹால்ஸ்'. வார்டன் என்று சொல்லிப் பாருங்கள், அமெரிக்கரின் புருவம் உயரும், அங்கே வார்டன் சிறைச்சாலைத் தலைவர். ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் காலேஜிலோ தலைமைப் பொறுப்பில் இருக்கும் பெருமதிப்புக்குரிய அறிஞருக்கு வார்டன் என்று பெயர். (நம் விடுதிவாசிகளுக்கு எந்தப் பொருள் பொருந்தும் என்று அவர்களே முடிவுசெய்துகொள்ளலாம்.)

ராகிங்கை அமெரிக்காவில் 'ஹேஸிங்' என்கிறார்கள். தமிழ்நாட்டில் 1996இல் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. கல்லூரியில் சேரும்போது கையெழுத்து வாங்கும் உறுதிமொழிப் படிவத்தில் இருக்கும் சொல் ராகிங், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எழுதும்போது மாற்ற வேண்டியவை

சில சொற்கள் இந்தியாவுக்குள் மட்டும் செல்லுபடியாகும், இங்கே அவற்றில் ஒரு குறையும் இல்லை. 'ஓ.டி.' என்றால் கல்லூரி அனுமதியோடு போட்டிக்கோ கருத்தரங்குக்கோ போவது, வருகைப்பதிவில் கழிக்க மாட்டார்கள். வெளியே 'எக்ஸ்க்யூஸ்டு ஆப்ஸன்ஸ்' என்றால் புரியும். 'கண்டொனேஷன்' என்பது வருகைப்பதிவு கொஞ்சம் குறைந்தவர்கள் பணம் கட்டித் தேர்வெழுத அனுமதி வாங்குவது, இதற்கு அமெரிக்காவில் ஈடான ஏற்பாடே இல்லை. 'போனஃபைட்' சான்றிதழ் லத்தீனில் நல்லெண்ணத்தோடு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, நம் அலுவலகங்களில் 'இவர் எங்கள் மாணவர்தான்' என்பதற்குச் சான்று. வெளிநாட்டுக் கல்லூரியில் அதையே 'என்ரோல்மென்ட் வெரிஃபிகேஷன்' என்று கேட்க வேண்டும். அவர்கள் கேட்கும் 'டிரான்ஸ்கிரிப்ட்' என்பது எல்லாப் பருவ மதிப்பெண்களும் ஒரே இடத்தில் இருக்கும் அதிகாரபூர்வப் பதிவு. பல இடங்களில் உறையில் ஒட்டி முத்திரையிட்டோ, கல்லூரியே நேராகவோ அனுப்ப வேண்டும், நீங்கள் பிரித்துப் பார்த்துவிட்டால் செல்லாது.

'ஐ பாஸ்டு அவுட் இன் 2023' என்ற வரியை வெளிநாட்டுக்குப் போகும் தன்விவரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ராணுவக் கல்லூரிகளில் பயிற்சி முடிப்பவர்களுக்கு 'பாஸிங் அவுட்' அணிவகுப்பு உண்டு. மற்ற இடங்களில் பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது. 'கிராஜுவேட்டட் இன் 2023' என்று எழுதினால் முடிந்தது. 'ஐ ஆம் ஆன் அலம்னை' என்பதும் அப்படி, அலம்னை பன்மை. ஒருவர் என்றால் அலம்னஸ், பெண் என்றால் அலம்னா, சந்தேகமாக இருந்தால் 'அலம்' என்று சுருக்கமாக எழுதுவோரும் இருக்கிறார்கள்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது விடுப்புக் கடிதத்தில் பழகிய 'ரெஸ்பெக்டட் சர்' வேண்டாம், சில சமயம் படிப்பவர் பெண்ணாகவும் இருப்பார். 'டியர் புரொஃபஸர்' என்று போட்டு அவருடைய குடும்பப் பெயரைச் சேர்த்தால் எந்த நாட்டிலும் மரியாதைதான். பொருள் வரியில் பாடத்தின் எண்ணையும், முதல் வரியில் நீங்கள் எந்த நாள் வகுப்பில் இருக்கிறீர்கள் என்பதையும் எழுதிவிட்டு, மூன்றாவது வரிக்குள் கேள்விக்கு வந்துவிடுங்கள். ஒரே பேராசிரியரிடம் நூறு இருநூறு மாணவர்கள் இருப்பது அங்கே சாதாரணம்.